தலைத்துண்டு யார் சொல்லி?
உடுப்பும் ஊரும் – 11

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி பக்கம் போனால் அனுமந்தை. இந்த உப்பளக் கரையில் பங்குனி பிறந்துவிட்டால் வெயில் இரண்டு பக்கமும் அடிக்கும். வானத்திலிருந்து இறங்குவது ஒன்று, பாத்தியில் வெளுத்துக் கிடக்கும் உப்பிலிருந்து கண்ணில் ஏறுவது இன்னொன்று. உப்பு சுமக்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள், முழுக்கை. தலையில் துண்டு. நெற்றியை மூடி, காதைச் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு. அதன் மேல் பழந்துணியைச் சுருட்டிய சும்மாடு. சும்மாட்டின் மேல் ஈர உப்புக் கூடை. கூடையிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் கழுத்தில் இறங்கினால் அரித்துப் புண்ணாக்கிவிடும். துண்டு அதையும் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் கட்டைப் பார்த்து எவரும் மதம் கேட்பதில்லை. இதைக் கட்டச் சொன்னது வெயிலும் கூலியும். அதனாலோ என்னவோ, பெண்ணின் தலைத்துணி பற்றித் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் யாரும் இந்த வரப்புப் பக்கம் வருவதில்லை.

2022 பிப்ரவரி 19. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து வாக்களிக்க வந்த பெண்ணைப் பார்த்து ஒரு கட்சியின் முகவர் ஆட்சேபம் கிளப்பினார். மற்றக் கட்சி முகவர்கள் எதிர்த்தார்கள்; கடைசியில் வெளியேற்றப்பட்டவர் அந்த முகவர்தான். அதே மாதம் கர்நாடக அரசு, வகுப்பில் ஹிஜாபுக்கு இடமில்லாதபடி கல்லூரிச் சீருடை குறித்து ஆணை போட்டிருந்தது. மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஹிஜாப் அணிவது பெண்ணின் விருப்பம் என்றார் நீதிபதி சுதான்ஷு துலியா. மறுபுறம், அதே 2022 செப்டம்பரில் ஈரானில் தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட மாசா அமினி காவலில் இருக்கும்போதே இறந்தார். ஓர் அரசு அவிழ் என்றது, இன்னொன்று கட்டு என்றது. இரண்டிலும் துணிக்குரியவளை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், 31ஆம் வசனம் பெண்கள் முக்காட்டை மார்பின் மேல் இட்டுக்கொள்ளச் சொல்கிறது. அதற்கு முந்தைய வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. இதைச் சொல்லும் ஒலிபெருக்கிகள் குறைவு.

தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பாட்டிமார் போர்த்தியது வெள்ளைத் துப்பட்டி. கறுப்பு பர்தா பெருகியது வளைகுடாச் சம்பாத்தியக் காலத்தில். மார்க்கம் மாறவில்லை, துணியும் நிறமும் மாறின. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 சட்டத் தொகுப்பு கோயிலுக்குள் பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. 1983 தொகுப்பில் அந்த விதி இல்லை. ஆனாலும் நம் ஊர்ப் பூசைகளில் முந்தானை தலைக்கு ஏறுவது நிற்கவில்லை. அங்கே சட்டத்தைவிட அம்மா சொல்லுக்குத்தான் ஆயுள் அதிகம். வடக்கே மாமனார் முன் மருமகள் முக்காடு இழுத்தால் மரியாதை. இங்கே பிராமணக் குடும்பங்களில் முக்காடு என்றாலே தலை மழிக்கப்பட்ட கைம்பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

ஆண் தலை மட்டும் தப்பித்ததா? பண்ணையார் எதிரே வந்தால் தலைத்துண்டு இடுப்புக்கு இறங்கியாக வேண்டும் என்ற வழக்கம் தமிழகக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. இறக்க மறுத்தவர்கள் அடி வாங்கினார்கள். அதே தலைத்துணிக்குக் கோயில் வாசலில் பரிவட்டம் என்று பேர். முதலில் யார் தலையில் கட்டுவது என்று சண்டை போட்டு, நீதிமன்றம் வரை போன ஊர்கள் உண்டு. அந்த வழக்குகளை அடுத்த வாரம் பார்ப்போம்.