இடிப்பதா, எடுத்துக் கட்டுவதா?

போன வருஷம் ஐப்பசி மாதம். என் மகளுக்குத் தலைப்பிரசவம். புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருப்பது இரண்டே அறை கொண்ட வாடகை வீடு. "பச்சை உடம்புக்காரியை இந்தப் புழுக்கத்தில் எப்படி வைத்துக் கொள்வது? ஊர் வீட்டுக்குக் கூட்டிக் கொண்டு போகலாம்" என்று நான்தான் சொன்னேன்.

ஊர் வீடு என்பது திருமயம் பக்கத்தில் உள்ள என் கணவரின் பூர்வீக வீடு. என் மாமியார் மட்டும் அங்கே இருக்கிறார். நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு, சுண்ணாம்புச் சுவர். சித்திரை வெயிலில்கூட உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்ந்து போகும்.

கூடத்து உத்திரத்தில் தூளி கட்டினோம். மூன்றாம் நாள் காலை குழந்தையைத் தூக்கினால், தூளித் துணியில் மாவு மாதிரி மஞ்சள் பொடி. தட்டிவிட்டேன். மறுநாளும் அதே பொடி. பிள்ளையின் புருவத்தில்கூட ஒட்டியிருந்தது. "பழைய வீடுன்னா தூசி விழத்தான் செய்யும்" என்றார் அத்தை.

எனக்கு மனசு கேட்கவில்லை. தச்சரை அழைத்து வந்தோம். ஏணி போட்டு ஏறியவர் ஒரு நீள ஆணியை எடுத்து உத்திரத்தில் குத்தினார். ஈர மண்ணில் இறங்குவது போல ஆணி முழுசாக உள்ளே போய்விட்டது.

"முதல்ல பிள்ளையை இறக்குங்கம்மா" என்றார்.

அன்று மாலையே மகளையும் பேரனையும் அழைத்துக் கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பிவிட்டோம். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

ஆளுக்கு ஒரு பேச்சு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் கூடியது. சென்னையிலிருந்து வந்த கொழுந்தனார், "இடிச்சுட்டு தளம் போட்டு ரெண்டு ரூம் கட்டிடலாம் அண்ணி. இதைக் கட்டிக்கிட்டு அழ முடியாது" என்றார். நான் விடவில்லை. நம் மாவட்டத்திலேயே ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி என்று எத்தனை ஊர்களில் அரண்மனை மாதிரி நகரத்தார் வீடுகள் நிற்கின்றன! செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் இடம்பெற்றிருக்கின்றன. கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் என்ற பெரிய வீடு இன்று விருந்தினர் தங்கும் விடுதியாகிப் பிழைத்திருக்கிறது. இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"அதெல்லாம் பர்மா தேக்குல கட்டின கோட்டை. நம்ம வீடு அப்படியா?" என்றார் கொழுந்தனார். அதுவும் நியாயம்தான். அந்தக் கோட்டைகளுமே எல்லாம் பிழைக்கவில்லை. பர்மா வியாபாரம் போனபின் வருமானம் குறைந்தது. ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்குதாரர்கள். ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் சம்மதிப்பதில்லை. கடைசியில் தூணும் கதவும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழைய சாமான் கடைகளுக்குப் போய்ச் சேருகின்றன.

அத்தை கட்டாயம் என் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ, "இடிச்சுருங்க" என்றார்!

"நீ வருஷத்துக்கு நாலு நாள் வந்து, முற்றத்துல உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போறே. மழையில அந்த முற்றத்தைத் தாண்டி, ராத்திரி ரெண்டு மணிக்குக் கொல்லைக்குப் போறவ நான். போன கார்த்திகையில பாசி வழுக்கி விழுந்தேன். உங்க யாருகிட்டயும் சொல்லலை."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வீடு வேண்டும் வேண்டும் என்று நான் வாதாடினேனே, அதைத் தினம் கூட்டிப் பெருக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

சோதித்துப் பார்த்தோம்

முடிவு எடுக்குமுன் வீட்டை முழுக்கச் சோதிப்பது என்று மட்டும் ஒத்துக் கொண்டோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவரும் அதே தச்சரும் ஒரு பகல் முழுக்கப் பார்த்தார்கள். அன்று கற்றதைச் சகோதரிகளுக்குச் சொல்லுகிறேன்.

மரத்தில் சின்னத் துளைகளும் மாவு போன்ற பொடியும் இருந்தால் அது உளுப்பு. சுவரோரம் மண்ணால் கோடு இழுத்தது போல் ஏறினால் கரையான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. எங்கள் வீட்டில் உளுத்தது அந்த ஒரு உத்திரம்தான். என் மாமனார் காலத்தில் பழையதை எடுத்துவிட்டு மலிவு மரத்தில் போட்டதாம் அது. மற்ற தேக்கு உத்திரங்களில் ஆணி கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

மேற்குச் சுவரில் காரை பெயர்ந்து ஈரம் ஊறியிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடுகள் பறந்து சுவர் நனைந்தது. அவசரத்துக்கு சிமெண்ட் பூசினோம். அதுதான் தப்பு என்றார் கொத்தனார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்தாலும் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும்.

பின்கட்டு மட்டும் தேறவில்லை. சுவர் வயிறு தள்ளி, மேலிருந்து கீழ் வரை விரல் நுழையும் வெடிப்பு. "இதுக்கு உயிர் இல்லம்மா. ஆசைப்படாதீங்க" என்றார் கொத்தனார்.

பாதி இடித்தோம், பாதி காத்தோம்

பின்கட்டை இடித்தோம். அங்கே அத்தைக்குத் தளம் போட்ட ஓர் அறை, அதை ஒட்டியே உட்காரும் கழிப்பறை, வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி. படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போக ஒரு படிகூடக் கிடையாது.

முன்கட்டை வைத்துக் கொண்டோம். உத்திரத்தை மாற்றினோம். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசினோம். ஓட்டைப் பிரித்து மேய்ந்தோம். பின்கட்டில் கிடைத்த நல்ல ஓடும் சட்டமும் இதற்கே உதவின. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். காயவும் நாளாகும். தை மாதம் தொடங்கிய வேலை வைகாசியில்தான் முடிந்தது. ஆனாலும் முழுக்க இடித்துக் கட்டச் சொன்ன தொகையில் பாதிதான் ஆயிற்று. கொழுந்தனாரும் தன் பங்கைக் கொடுத்தார்.

இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கு ஐந்து விஷயங்கள்:

1. செலவு செய்யுமுன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பங்கை எழுத்தில் தீர்த்துக் கொள்ளுங்கள். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. நாத்தனாரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

2. தூளி, ஊஞ்சல் கட்டுமுன் உத்திரத்தை ஆணியால் குத்திப் பாருங்கள்.

3. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கரையான் மருந்து, உளு மருந்து அடிக்க வேண்டாம். குழந்தையை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, வாசனை முழுக்கப் போனபின் அழைத்து வாருங்கள்.

4. நாட்டு ஓட்டை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் சரிபார்த்து, உடைந்ததை மாற்றிவிடுங்கள். ஓர் ஓடு உடைந்தால் ஓர் உத்திரம் போகும்.

5. வீட்டில் தினம் வாழ்கிறவரை முதலில் கேளுங்கள்.

இந்த ஆடியில் பேரன் கூடத்தில் தவழ்ந்து கொண்டிருந்தான். பகல் தூக்கத்துக்குத் தூளி கட்ட என் மகள் கயிற்றை எடுத்தாள்.

"இருடி!" என்று அத்தை அடுக்களைக்குப் போய் எதையோ தேடி எடுத்து வந்தார். பார்த்தால், அந்த நீள ஆணி!

"புது உத்திரம்தானே அப்பத்தா?" என்றாள் மகள்.

"இருந்தாலும் குத்திப் பாரு" என்றார் அத்தை.