பாடுவது தொண்டை, மிதிப்பது கால், உடம்பு ஒன்றுதான்

கொச்சித் துறைமுகத்தை ஒட்டித் தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில், தேவாலயத் திருவிழா என்றால் சவிட்டுநாடகமும் நினைவுக்கு வரும். போர்த்துகீசியர் காலத்தில் கேரளக் கடற்கரையின் லத்தீன் கத்தோலிக்கர்களிடையே உருவான இசை நாடகம் அது. சார்லிமேன் மன்னனின் கதையான 'காறல்மான் சரிதம்' அதில் புகழ்பெற்றது. அதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது வழிவழியாக வரும் செய்தி. பழைய பாட்டுகளில் தமிழ் நிறையவே கலந்திருக்கிறது. ஆசானுக்கு அங்கே பெயர் அண்ணாவி. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குபவரையும் இப்படித்தான் அழைக்கிறார்கள். 'சவிட்டு' என்றால் மிதி என்பதை நாகர்கோவில்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயருக்கேற்ப, வெல்வெட் அங்கியும் கிரீடமும் அணிந்த நடிகர் பலகை மேடையில் ஓங்கி மிதித்து ஆடுகிறார், வாள் சுழற்றுகிறார், தன் பாட்டைத் தானே பாடுகிறார். இப்படிப்பட்ட கலைஞரின் உடல்நலம் என்று பேச்செடுத்தால் சுக்கு, மிளகு, தேன், வெந்நீர் என்ற பட்டியல் உடனே வந்துவிடும். அவை இருக்கட்டும். அந்த உடம்பைக் கடைசிவரை காப்பாற்றப்போவது குழுவின் காலண்டரில் ஓய்வுக்கென்று குறித்து வைத்த நாள்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரே மூச்சுக்கு இரண்டு எஜமானர்கள்

கனமான தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நம்மை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த நேரத்தில் குரல்வளையிலுள்ள குரல் நாண்கள் இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன. உள்ளே அடைபட்ட காற்று மார்புக்கும் முதுகுக்கும் முட்டுக்கொடுக்கிறது. குரல் நாண்களின் முதல் வேலை பாடுவதல்ல. மூச்சுக்குழாயைக் காப்பதும், பலம் தேவைப்படும்போது அதை அடைத்துக்கொடுப்பதும்தான். பாட்டு பிறகு வந்த வேலை. ஓங்கி மிதிக்கிற கால் 'மூடு' என்கிறது. நீண்டு போகிற பாட்டு வரி 'திற, அதிர்' என்கிறது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட வேண்டிய நாண்கள் தேவைக்கு மேல் இறுகி ஒன்றோடொன்று மோதுகின்றன. சாதாரணமாகப் பேசும் ஆணின் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 தடவை அதிர்கின்றன. உச்ச ஸ்தாயியில் பாடும்போது அது 400ஐயும் தாண்டும். ஒரு மணி நேர நாடகத்தில் இந்த மோதல் எத்தனை லட்சம் தடவை நடக்கும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே இடத்தில் திரும்பத் திரும்ப உராய்ந்தால் உள்ளங்கையில் காய்ப்பு விழுவதுபோல் நாண்களிலும் சிறு முடிச்சுகள் விழும். பாடகர்களைப் பயமுறுத்தும் குரல் நாண் முடிச்சு என்பது இதுதான்.

உட்கார்ந்து கச்சேரி செய்பவருக்குச் சொல்லும் ஆலோசனையும், பாடாமல் ஆடுபவருக்குச் சொல்லும் ஆலோசனையும் சவிட்டுநாடக நடிகருக்குப் போதாமல் போவது இதனால்தான். ஓர் எடுத்துக்காட்டு: முழங்கால் வலிக்கிறது என்று கடையில் வாங்கி விழுங்கும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. அன்றிரவே ஓங்கிப் பாடினால், நாணிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய் உடைந்து கசிகிற ஆபத்து கூடுகிறது. குரல் மருத்துவர்கள் பாடகர்களை எச்சரிக்கும் விஷயங்களில் இதுவும் ஒன்று. காலுக்குப் பார்த்த வைத்தியம் தொண்டைக்கு வினையாகிறது. ஆக, உறுப்புக்கு ஒரு மருந்து என்று தேடிப்போனால் கணக்கு உதைக்கும். மொத்த உடம்புக்கும் ஏறுகிற சுமையைத்தான் குறைக்க வேண்டும்.

இரைச்சலோடு போட்டி

தொண்டையைக் கெடுப்பது ஐஸ் தண்ணீர் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மேடையில் அதைவிடப் பெரிய எதிரி சத்தம். சுற்றிலும் இரைச்சல் கூடினால், பேசுபவர் தன்னையறியாமல் குரலை உயர்த்திவிடுவார் என்பதை எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதினார். இன்றும் அந்த விளைவு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. சவிட்டுநாடகத்தில் பலகை அதிரும், செண்டை முழங்கும், இலைத்தாளம் ஒலிக்கும். இவ்வளவுக்கும் நடுவே தன் குரல் தன் காதுக்கே எட்டாதபோது கலைஞர் கத்தத் தொடங்குகிறார். மைக் இருக்கிறதே என்று கேட்கலாம். மைக் கூட்டத்துக்குக் கேட்க வைக்கிறது. பாடுபவருக்குக் கேட்க வைப்பதில்லை. மேடையில் நடிகரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஒரு சிறிய ஒலிபெருக்கி அவருடைய குரலை அவருக்கே திருப்பிக் கொடுத்தால், கத்த வேண்டிய தேவை குறையும். விழாக் கமிட்டி வாசலில் கட்டும் சீரியல் விளக்குச் சரங்களில் இரண்டைக் குறைத்தால்கூட அதன் வாடகைக்கு வழி பிறக்கும்.

காலுக்குக் கீழே

பழைய சவிட்டுநாடக மேடை மரப்பலகையால் ஆனது. ஓசைக்காக அப்படிச் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கீழே வெற்றிடம் விட்டு அடித்த பலகை மிதிக்கும்போது சற்றே வளைந்து, அடியின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. சிமெண்ட் தரை எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அடி அப்படியே குதிகால், முன்னங்கால் எலும்பு, முழங்கால், இடுப்பு என்று மேலேறுகிறது. வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடும் பரதநாட்டியக் கலைஞர்களைப் பற்றிய ஆய்வுகளிலும் கீழ்முதுகு, முழங்கால், கணுக்கால் வலிகளே முன்னே நிற்கின்றன. பள்ளி மண்டபத்தின் டைல்ஸ் தரையிலோ கோயில் முற்றத்துக் காங்கிரீட்டிலோ மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, நிகழ்ச்சி நாளில் மட்டும் பலகை மேல் ஏறுவது தலைகீழ் வழக்கம். மிதி அதிகம் விழுவது ஒத்திகையில்தான். ஆகவே பலகை முதலில் தேவைப்படுவதும் அங்கேதான். முன்னங்கால் எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் சுளீர் என்று வலித்தால், அது தசைப்பிடிப்பாக இல்லாமல் எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாகவும் இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஆடினால் விரிசல் முறிவாகும்.

வியர்வை, சாப்பாடு, தூக்கம்

கொச்சியின் காற்று ஈரம் சுமந்த காற்று. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். புழுக்கத்தில் அது ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. அதன்மேல் வெல்வெட்டும் ஜரிகையும் போர்த்தினால் உடல்சூடு வெளியேற வழியில்லை. தண்ணீரோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும், இஞ்சி தட்டிப் போட்ட மோரான சம்பாரமும் இந்தக் கரையிலேயே இருக்கிற நல்ல மருந்துகள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். குடித்த தண்ணீர் நேராகக் குரல் நாணை நனைப்பதில்லை. இரத்தத்தில் கலந்து சுற்றி வந்துதான் அங்கே சேரும். மேடைக்குப் பின்னால் அவசரமாக விழுங்கும் ஒரு சொம்பைவிட, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது உதவுவது அதனால்தான்.

நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் தட்டுக்கடையில் பொரோட்டாவும் காரமான மாட்டிறைச்சி வறுவலும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறும். காலையில் குரல் கரகரப்பாக எழுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். பெரும்பகுதிச் சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்து, பின்னிரவில் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் எந்த உணவும் தூக்கத்துக்கு ஈடாகாது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் விடியற்காலையிலேயே பரபரப்பாகிவிடும். இரவு மன்னனாக மிதித்தவர் காலையில் கூலி வேலைக்குப் போக வேண்டுமென்றால், அந்த ஏழு மணி நேரத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? இங்கேதான் தனிமனித ஒழுக்கத்தைப் பற்றிய உபதேசம் தோற்றுப்போகிறது.

"பழைய அண்ணாவிகள் இதையெல்லாம் பார்த்தார்களா?"

இந்தக் கேள்வி நியாயமானது. மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய, இரவுக்கு இரவு தொடர்ந்து ஆடியவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காலத்து ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாடகம் திருவிழாவை ஒட்டி நடந்தது. அதற்கு முன் களரியில் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உடம்பைப் பழக்கினார்கள். விழா முடிந்தால் மறு விழா வரைக்கும் தொண்டைக்கும் காலுக்கும் ஓய்வு. அதாவது ஓய்வு மரபிலேயே இருந்தது. யாரும் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை. இன்று நாடகம் சுருங்கிவிட்டது, மேடைகள் பெருகிவிட்டன. பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்துக்குக் குழுக்களைப் பழக்கும் மாதங்களும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தேவாலயப் பெருநாள் மேடைகளும் ஒரே பருவத்தில் வந்து விழுகின்றன. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டியவர் இரவில் தானே பாட வேண்டும். தவிர, நீண்ட நாள் ஆடியவர்களைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. இருபத்தெட்டு வயதில் குரல் போய் ஒதுங்கியவரின் பெயரை எந்தப் பதாகையிலும் போடமாட்டார்கள்.

"ஒரு மேடையை விட்டால் கூலி போகுமே?"

இதுதான் வலுவான ஆட்சேபம். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கும் இதே நிலைதான். கோயில் திருவிழாப் பருவத்தில் 'வள்ளி திருமணம்' இரவெல்லாம் நடக்கும். பருவம் போனால் வருமானமும் போகும். அவர்களிடம் போய் ஓய்வெடுங்கள் என்பது பட்டினி கிடங்கள் என்பதற்குச் சமம். அதனால்தான் ஓய்வைக் கலைஞரின் தனிச் செலவாக விடாமல், குழுவும் கமிட்டியும் பகிர்ந்துகொள்ளும் செலவாக மாற்ற வேண்டும் என்கிறேன். பிராட்வே இசை நாடகங்களில் வாரத்துக்கு எட்டுக் காட்சி என்ற வரம்பு இருக்கிறது. முதலாளிகள் தாமாக முன்வந்து கொடுத்ததல்ல அது. 1919இல் நியூயார்க் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. அங்கே முக்கிய வேடங்களைக் கற்று வைத்திருக்கும் மாற்று நடிகர்கள் எப்போதும் தயாராக இருப்பார்கள். குரல் கட்டிய நாளில் கதாநாயகர் வீட்டில் இருப்பார், காட்சி நிற்காது.

நம் குழுக்களால் இதைச் செய்ய முடியாதா? ஒவ்வொரு பெரிய வேடத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்கி, பருவத்தில் இரண்டு மேடைக்கு ஒன்றை அவருக்குக் கொடுத்து, கூலியைப் பொதுவில் சேர்த்துப் பிரித்துக்கொண்டால் இழப்பு ஒருவர் தலையில் மட்டும் விழாது. தொடர்ந்து இரண்டு இரவு பாடியவருக்கு மூன்றாம் நாள் பாட்டும் இல்லை, பாடம் சொல்லித்தருவதும் இல்லை என்று குழு விதி எழுதட்டும். காறல்மானாக இன்னார்தான் வர வேண்டும் என்று ஊர் கேட்கும், முதலில் முணுமுணுக்கும், பிறகு பழகிக்கொள்ளும்.

எப்போது மருத்துவரிடம்?

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் அறுந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அன்றோடு பாட்டை நிறுத்திவிட வேண்டும். தொடக்க நிலையிலுள்ள முடிச்சுகள் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமல், குரல் பயிற்சியாலும் ஓய்வாலும் குறைந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டால் மருத்துவரிடம் போகப் பயம் வராது. வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. குரல் நாண் பழுதுபடும்போது பல நேரம் வலிப்பதில்லை.

அடுத்த பெருநாளுக்கு நாடகம் பேச வரும் கமிட்டிக்காரர்களிடம் குழு மூன்றே மூன்று கேட்கட்டும்: ஒத்திகைக்கும் பலகை, நடிகரைப் பார்த்து ஓர் ஒலிபெருக்கி, ஒரு வேடத்துக்கு இரண்டு பேர். மூன்றாவதைக் கொடுக்கும் ஊருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கும். இன்று மாற்று ஆளாகப் பழகுகிற இளைஞர்தான் நாளை அந்த ஊரின் அண்ணாவி.