ஏக்கர் முற்றுகை (1189–1191)

ஏக்கர் முற்றுகை என்பது மூன்றாம் சிலுவைப் போரின்போது, நடுநிலக் கடலின் கிழக்குக் கரையில் உள்ள ஏக்கர் துறைமுக நகரைக் கைப்பற்றச் சிலுவைப் படையினர் நடத்திய முற்றுகை ஆகும். இது 1189 ஆகஸ்டு இறுதியில் தொடங்கி 1191 சூலை 12 அன்று நகரம் சரணடைந்ததுடன் முடிந்தது. நகரை முற்றுகையிட்ட படையையே சலாகுத்தீனின் படை வெளியிலிருந்து முற்றுகையிட்டதால், இது இரட்டை முற்றுகையாக மாறியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்த இப்போரில் வாளைவிடப் பசியும் நோயும் கடல்வழிப் போக்குவரத்துமே முடிவைத் தீர்மானித்தன. இந்நகரம் அரபு மொழியில் அக்கா என்றும் எபிரேயத்தில் அக்கோ என்றும் அழைக்கப்படுகிறது.

பின்னணி

1187 சூலை 4 அன்று நடந்த கத்தின் போரில் எருசலேம் அரசின் படையைச் சலாகுத்தீன் முறியடித்தார். அரசர் கீ த லூசிஞான் சிறைப்பட்டார். சில நாட்களிலேயே ஏக்கர் சலாகுத்தீன் வசமானது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று எருசலேமும் வீழ்ந்தது. தைர் துறைமுகம் மட்டும் மொன்பெராட்டின் கொன்ராடு என்பவரின் பாதுகாப்பில் தப்பியது.

1188இல் விடுதலையான கீ, தைர் நகருக்குச் சென்றார். கொன்ராடு அவரை உள்ளே விட மறுத்தார். நாடும் நகரமும் இல்லாத அரசரான கீ, தம்மிடம் இருந்த சிறு படையுடன் தெற்கே சென்று ஏக்கரை முற்றுகையிட்டார். நகருக்குள் இருந்த காவற்படையே அவரது படைக்கு ஈடுகொடுக்கும் அளவில் இருந்தது. எனினும் பீசா நகரக் கப்பல்களும், ஐரோப்பாவிலிருந்து அடுத்தடுத்து வந்து இறங்கிய படைப்பிரிவுகளும் அவருக்குக் கைகொடுத்தன.

நகரின் அமைப்பு

ஏக்கர் கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையில் அமைந்துள்ளது. அதன் மேற்கிலும் தெற்கிலும் கடல். வடக்கிலும் கிழக்கிலும் வலிமையான மதில்கள். இம்மதில்கள் சந்திக்கும் மூலையில் 'சபிக்கப்பட்ட கோபுரம்' எனப்பட்ட காவற்கோபுரம் நின்றது. துறைமுக வாயிலில் இருந்த பாறைமீது 'ஈக்களின் கோபுரம்' அமைந்திருந்தது. நிலப்பக்கத்தை மட்டும் அடைத்தால் கடல் வழியே உணவு உள்ளே போய்விடும். எனவே நிலம், கடல் இரண்டையும் அடைக்காமல் இந்நகரை வெல்ல இயலாது.

இரட்டை முற்றுகை

கீ நகருக்குக் கிழக்கே இருந்த குன்றில் பாசறை அமைத்தார். சில நாட்களில் சலாகுத்தீன் தம் படையுடன் வந்து அப்பாசறையைச் சூழ்ந்தார். 1189 அக்டோபர் 4 அன்று நடந்த பெரும் மோதலில் இரு தரப்பிலும் பலர் மாண்டனர். தேவாலய வீரர் சபையின் தலைவர் செரார் த ரித்போர் கொல்லப்பட்டார். யாருக்கும் முழு வெற்றி கிட்டவில்லை.

இதன்பின் சிலுவைப் படையினர் தம் பாசறையைச் சுற்றி அகழி வெட்டி மண்மேடு எழுப்பினர். ஒரு வரிசை நகரை நோக்கியும் மற்றொன்று சலாகுத்தீனின் படையை நோக்கியும் இருந்தது. நகருக்குள் இருந்தோர் வெளியே வர முடியவில்லை. வெளியே இருந்த சலாகுத்தீனால் அகழிகளைத் தாண்டி நகரை அடைய முடியவில்லை. இடையில் இருந்த சிலுவைப் படைக்கோ, கடல் ஒன்றே வெளியுலகத் தொடர்பாக இருந்தது.

முற்றுகைக் கருவிகள்

அக்கால முற்றுகையில் மதிலை வெல்ல மூன்று வழிகள் இருந்தன: மதிலுக்கு மேலே ஏறுதல், மதிலைக் கல்லெறிந்து உடைத்தல், மதிலுக்குக் கீழே தோண்டுதல். ஏக்கரில் மூன்றும் பயன்படுத்தப்பட்டன.

நகரும் கோபுரங்கள்: மதிலைவிட உயரமான மூன்று மரக்கோபுரங்களைச் சிலுவைப் படையினர் கட்டினர். தீப்பற்றாமல் இருக்க, காடியில் நனைத்த தோல்களால் அவற்றை மூடினர். 1190 மே தொடக்கத்தில் இவை மதிலை நெருங்கின. நகருக்குள் இருந்த திமிஷ்கு நகரத்து இளைஞர் ஒருவர், எரிநெய்க் கலவையைப் பானைகளில் நிரப்பி எறிந்து மூன்றையும் எரித்தார். முதலில் தீயில்லாத பானைகளை எறிந்து மரத்தை நனைத்துவிட்டு, பிறகு எரியும் பானையை எறிந்ததாக அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர் குறிப்பிடுகிறார்.

கல்லெறி பொறிகள்: நீண்ட மரக்கையின் ஒரு முனையில் கவண் இருக்கும். மறுமுனையைப் பல ஆட்கள் கயிற்றால் இழுப்பர், அல்லது அங்கு கட்டிய பெரும் எடை கீழே இறங்கும். அப்போது கல் பறந்து செல்லும். பிரான்சு மன்னரின் பொறி 'கெட்ட அண்டைவீட்டான்' என்று பெயர் பெற்றது. நகருக்குள் இருந்து அதற்குப் பதில் கொடுத்த பொறியை வீரர்கள் 'கெட்ட உறவினன்' என்று அழைத்தனர்.

சுரங்கம்: மதிலின் அடித்தளத்துக்குக் கீழே தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து, பின் அத்தூண்களுக்குத் தீ வைப்பர். தூண்கள் எரிந்ததும் மேலே உள்ள மதில் சரியும். நகரத்தாரும் உள்ளிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டினர். ஓரிடத்தில் இரு தரப்பினரும் நிலத்தடியில் நேருக்கு நேர் சந்தித்தனர்.

கடல்வழியும் செய்தித் தொடர்பும்

சிலுவைப் படையின் கப்பல்கள் துறைமுகத்தை அடைத்தபோதும், எகிப்தியக் கப்பல்கள் சிலமுறை தடையை உடைத்து உள்ளே சென்றன. 1190இல் பெய்ரூத்திலிருந்து வந்த ஒரு கப்பலின் மாலுமிகள் தாடியை மழித்து, ஐரோப்பிய உடை அணிந்து, மேல்தளத்தில் பன்றிகளை நிறுத்திக் காவற்கப்பல்களை ஏமாற்றினர்.

செய்திகளைப் புறாக்களும் நீச்சல் வீரர்களும் கொண்டு சென்றனர். ஈசா என்ற நீச்சல் வீரர் இரவில் கப்பல்களுக்கு அடியில் நீந்திப் பணமும் கடிதங்களும் சேர்த்துவந்தார். ஒருமுறை அவர் வந்துசேர்ந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. சில நாட்களுக்குப் பின் அவரது உடல் கரை ஒதுங்கியது. இடுப்பில் கட்டியிருந்த பொன்னும் கடிதங்களும் அப்படியே இருந்தன. இதைச் சலாகுத்தீனின் உடனிருந்த பகாவுத்தீன் பதிவு செய்துள்ளார்.

பசியும் நோயும்

1190–91 குளிர்காலத்தில் கடல் கொந்தளிப்பால் கப்பல்கள் வருவது நின்றது. சிலுவைப் படையின் பாசறையில் தானிய விலை பன்மடங்கு உயர்ந்தது. வீரர்கள் குதிரைகளைக் கொன்று தின்றனர். நெருக்கமான பாசறையில் தொற்றுநோய்கள் பரவின. அரசி சிபில்லாவும் அவருடைய இரு மகள்களும் 1190இல் நோயால் இறந்தனர். செருமானியப் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா ஏக்கரை அடையுமுன்பே 1190 சூன் 10 அன்று ஆற்றில் மூழ்கி இறந்தார். எஞ்சிய படையுடன் வந்த அவர் மகனும் 1191 சனவரியில் பாசறையில் மாண்டார்.

இத்துயரத்திலிருந்து ஒரு நிலையான அமைப்பும் தோன்றியது. பிரேமன், லூபெக் நகர வணிகர்கள் கப்பல் பாயைக் கூரையாக்கி நோயுற்றோருக்கு ஒரு மருத்துவமனை நடத்தினர். இதுவே பின்னர் தியூத்தோனிய வீரர் சபையாக வளர்ந்தது.

நகருக்குள்ளும் நிலைமை மோசமாகவே இருந்தது. 1191 பிப்ரவரியில் சலாகுத்தீன் களைத்த காவற்படையை மாற்றினார். ஆனால் புதிதாக உள்ளே சென்றோர், வெளியேறியவர்களைவிடக் குறைவானவர்களே.

மன்னர்களின் வருகையும் சரணும்

பிரான்சு மன்னர் இரண்டாம் பிலிப்பு 1191 ஏப்ரல் 20 அன்றும், சைப்பிரசை வென்றபின் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சூன் 8 அன்றும் வந்துசேர்ந்தனர். கூடுதல் ஆட்கள், பணம், கப்பல்கள், பொறிகள் ஆகியவற்றால் சமநிலை மாறியது. இரு மன்னர்களும் நோய்வாய்ப்பட்டபோதும் தாக்குதல் நிற்கவில்லை. மதிலிலிருந்து பெயர்த்து வரும் ஒவ்வொரு கல்லுக்கும் ரிச்சர்டு பொற்காசு அறிவித்தார். சபிக்கப்பட்ட கோபுரத்தை ஒட்டிய மதில் சிதைந்தது. சலாகுத்தீன் வெளியிலிருந்து நடத்திய தாக்குதல்கள் அகழிகளைக் கடக்கவில்லை.

சூலை 12 அன்று காவற்படைத் தலைவர்களான கராகூசும் மஷ்தூபும் சரணடைந்தனர். 2,00,000 தினார் மீட்புத்தொகை, கிறித்தவக் கைதிகளின் விடுதலை, கத்தினில் கைப்பற்றிய திருச்சிலுவையைத் திருப்பித் தருதல் ஆகியவை நிபந்தனைகள். இவற்றுக்கு ஈடாகக் காவற்படையினர் பிணையாக வைக்கப்பட்டனர்.

கைதிகளின் கொலை

நிபந்தனைகளை நிறைவேற்றும் காலமும் முறையும் குறித்துப் பேச்சுவார்த்தை இழுபறியானது. கைதிகள் விடுவிக்கப்படுவர் என்பதற்குச் சலாகுத்தீன் உறுதி கேட்டார். அவர் வேண்டுமென்றே காலம் கடத்துகிறார் என்று ரிச்சர்டு கருதினார். ஆகஸ்டு 20 அன்று ஏறத்தாழ 2,700 கைதிகளை நகருக்கு வெளியே, சலாகுத்தீனின் படை பார்க்கும்படி ரிச்சர்டு கொல்லச் செய்தார். இதற்குப் பதிலடியாகச் சலாகுத்தீனும் பின்னர் பிடிபட்ட கிறித்தவர்கள் பலரைக் கொல்வித்தார். உயிருக்குப் பாதுகாப்பு உண்டு என்ற நம்பிக்கையில் ஆயுதம் துறந்தவர்கள் கொல்லப்பட்டதால், இந்நிகழ்வு மூன்றாம் சிலுவைப் போரின் பெருங்கொடுமைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

விளைவுகள்

ஏக்கரைத் தளமாகக் கொண்டு ரிச்சர்டு தெற்கே சென்றார். செப்டம்பர் 7 அன்று அர்சூபில் சலாகுத்தீனை வென்றார். எனினும் எருசலேமை மீட்க முடியவில்லை. 1192 செப்டம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி எருசலேம் சலாகுத்தீனிடமே இருந்தது. கிறித்தவப் பயணிகள் அங்குச் சென்று வழிபட அனுமதி கிடைத்தது. எருசலேம் அரசின் தலைநகராக ஏக்கர் செயல்பட்டது. 1291 மே 18 அன்று மம்லூக் சுல்தான் அல் அசுரப் கலீல் மற்றொரு முற்றுகையில் அதைக் கைப்பற்றினார். ஏக்கரின் பழைய நகரம் 2001இல் யுனெசுக்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது.