சமவெளியில் சீறும் குட்டி விமானம் ஜவ்வாது மலையில் திணறுவது ஏன்?

பொம்மை விமானம் என்றால் வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும். ரிமோட்டில் மணிக்கு நூறு கிலோமீட்டர் தாண்டுகிற சாமான் அது. சமவெளியில் இருக்கும் போளூரில் சீறியதை மலைமேல் ஜமுனாமரத்தூரில் கிளப்பிப் பாருங்கள், கொஞ்சம் முக்கும்.

முதலில் புரொப்பெல்லர். அது காற்றைத் துளைக்கும் திருகாணி. அதன் மேல் 9×8 என்றிருந்தால் குறுக்களவு 9 அங்குலம்; ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேறும் என்று கணக்கு. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் மணிக்குச் சுமார் 146 கிலோமீட்டர். காற்று மரக்கட்டை இல்லையே, வழுக்கும். நிஜ வேகம் பெரும்பாலும் இதற்குக் கீழேதான்.

சைக்கிள் கியரை நினைத்துக்கொள்ளுங்கள். 11×5 மேட்டுக்கான கியர்: சட்டென்று எழும்பும், வேகம் வராது. 9×8 கிளம்பும்போது சிணுங்கும், பிடித்துவிட்டால் பறக்கும். பெரிய விசிறிதான் வேகம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இனி மலை. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூரின் உயரம் சுமார் 725 மீட்டர். அங்கே காற்று ஏறக்குறைய 7 சதவீதம் மெலிந்திருக்கும். எரிபொருள் எஞ்சினுக்கு மூச்சு குறையும். விறகைத் திணித்துவிட்டு ஊதாமல் விட்ட அடுப்பு மாதிரி புகையும், சக்தி வராது. எரிபொருள் ஊசித் திருகைத் துளி இறுக்கினால் புகை அடங்கும். இழந்த சக்தி முழுதாகத் திரும்பாது.

மின்மோட்டாருக்கு மூச்சுத் தொல்லை இல்லை. ஆனால் விசிறிக்குத் தள்ளக் கிடைப்பதும் அதே மெலிந்த காற்றுதான்.

எதை மாட்டினாலும் சுழலும் விசிறிக்கு நேரே நிற்காதீர்கள். அந்த 9 அங்குல விசிறியின் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகிறது.