குதிரைக்கு வெந்தயம் பிடிக்கும்

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 குதிரைகளுக்கு 15 சுவைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளியான ஆய்வு அது. தீவனம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதில் சேர்த்த மணம் மட்டும் வேறுவேறு. கேரட், ஆப்பிள், புதினா ஆகியவற்றில் ஒன்றுதான் முதலில் வரும் என்று குதிரை வளர்க்கும் பலரும் சொல்லியிருப்பார்கள். முதலில் வந்தது வெந்தயம். அடுத்தடுத்து வாழைப்பழம், செர்ரி, ரோஸ்மேரி, சீரகம். கேரட்டுக்குக் கிடைத்தது ஆறாவது இடம்.

ஆய்வின் இரண்டாம் பகுதிதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. தாது உப்பு வில்லைகளைக் குதிரைகள் பொதுவாக விரும்புவதில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். அதே வில்லையில் வெந்தயத்தின் மணத்தையோ வாழைப்பழ மணத்தையோ ஏற்றியபோது, விரைவாகத் தின்று முடித்தன. மருந்தை வாயில் திணிக்கப் போராடும் லாயக்காரருக்கு இது பெரிய உதவி. மூலிகை கலந்த குதிரைத் தின்பண்டங்களைப் பற்றி இன்று சொல்லப்படும் ஏராளமான செய்திகளில், ஐயத்துக்கு இடமில்லாமல் நிற்கும் பயன் இதுதான்: சுவை, மருந்தை உள்ளே கொண்டுசேர்க்கிறது.

ஆனால் விற்பனையில் சொல்வது அதுவல்ல. ஆளிவிதை தோலுக்கு, பூண்டு ஈ விரட்ட, ரோஜாக்காய் எதிர்ப்புச் சக்திக்கு, புதினா செரிமானத்துக்கு என்று ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் ஒரு நோயைக் குறித்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் எது உண்மை என்று பார்க்க, அளவு என்கிற ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நடுத்தரக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. நாளொன்றுக்கு அது தின்ன வேண்டிய புல்லும் வைக்கோலும் 8 முதல் 10 கிலோ வரை. இதன் நடுவே 20 கிராம் பிஸ்கட் ஒன்றில் ஒரு சிட்டிகை மூலிகை இருந்தால், அது உடலில் என்ன செய்யும்?

ஆளிவிதையை எடுத்துக்கொள்வோம். மூலிகை, விதை வரிசையில் நல்ல சான்று உள்ளவற்றில் இதுவும் ஒன்று. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில், கொசுவைவிடச் சிறிய ஒருவகைக் கடிபூச்சியால் தோல் ஒவ்வாமை வந்த 6 ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்தார்கள். இந்த நோய் வந்த குதிரை பிடரியையும் வாலையும் மரத்தில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பார்க்கவே மனம் பொறுக்காது. அரைத்த ஆளிவிதையை 42 நாட்கள் கொடுத்தபின், பூச்சியின் சாற்றைத் தோலில் செலுத்திச் செய்த சோதனையில் தடிப்பின் பரப்பு குறைந்தது. 2002இல் வெளியான முடிவு இது. எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும் கவனமாகச் செய்த ஆய்வு: எந்தக் குதிரைக்கு எது போகிறது என்பது கொடுப்பவருக்கும் அளப்பவருக்கும் தெரியாது.

கொடுத்த அளவைப் பாருங்கள். உடல் எடையில் 1,000 பவுண்டுக்கு 1 பவுண்டு. நம் 500 கிலோ குதிரைக்கு அது நாளுக்கு அரைக் கிலோ. பிஸ்கட்டின் மேல் தூவிய சில விதைகள் அந்த வேலையைச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆளிவிதை ஏன் பலன் தருகிறது என்பதற்கான காரணம் புல்லில் இருக்கிறது. பசும்புல்லில் கொழுப்பு மிகக் குறைவு. இருக்கும் கொழுப்பில் பெரும்பங்கு ஒமேகா-3. மேய்ச்சல் நிலத்தில் நாள் முழுதும் தின்னும் குதிரைக்கு அது தானாகவே வந்துசேர்கிறது. புல்லை அறுத்துக் காயவைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். கூடவே வைட்டமின் ஈயும் போகும். லாயத்தில் கட்டிப்போட்டு, உலர்ந்த புல்லும் தானியமும் கொடுத்து வளர்க்கும் குதிரை இழப்பது இதைத்தான். ஆளிவிதையின் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு எண்ணெய், அந்த எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-3. மேய்ச்சலில் கிடைக்க வேண்டியதைத்தான் விதை ஓரளவு ஈடுசெய்கிறது.

விதையை முழுதாகக் கொடுத்தால் தோல் உடையாமல் அப்படியே சாணத்தில் வந்துவிடும்; அரைக்க வேண்டும். அரைத்ததை வைத்திருந்தால் சிக்குவாடை வந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு விட்டுவிடுவது ஆபத்து. ஆளிவிதையில் சயனைடை வெளிவிடக்கூடிய பொருட்கள் உண்டு. விதையிலேயே இருக்கும் நொதி, ஈரத்தில் அவற்றை உடைக்கும். பழைய லாயங்களில் விதையை நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தது சரியான முறை, கொதியில் அந்த நொதி செத்துவிடும். அன்றன்று அரைத்து உலர்வாகக் கொடுத்தால் இரைப்பையின் அமிலமே நொதியை முடக்கிவிடுகிறது.

பூண்டின் கதை நேர்மாறு. குவெல்ஃபிலேயே 2005இல் வெளியான ஆய்வில், 4 பெண் குதிரைகளில் இரண்டுக்கு உறைநிலையில் உலர்த்திய பூண்டைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தார்கள். 71 நாள் ஆய்வு. அவை மறுக்காமல் தின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 0.2 கிராமைத் தாண்டியபோது இரத்தசோகையின் அறிகுறிகள் தெரிந்தன. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் சிதைத்துக் கட்டிகளாக்குகின்றன. பழுதான அணுக்களை மண்ணீரல் பிடித்து அழித்துவிடுகிறது. தீவனத்தில் கலக்கும் சிறிது பூண்டு அந்த அளவை எட்டாது என்பது உண்மைதான். ஆனால் அது ஈயை விரட்டும் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. விரும்பித் தின்கிறதே, உடம்புக்கு எது வேண்டும் என்று அதற்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் இந்த ஆய்வை நினைவில் வைக்க வேண்டும்.

ரோஜாக்காயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் வைட்டமின் சி மிகுதி. நமக்கு அது உணவிலிருந்து வர வேண்டும். குதிரையோ தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும்.

நம் பக்கத்தில் குதிரைத் தீனி என்றாலே நினைவுக்கு வருவது கொள்ளு. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். வேகவைத்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு அறிவியல் காரணம் உண்டு: பச்சைக் கொள்ளில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் இருக்கின்றன, வெந்தால் அவை செயலிழக்கும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகள் இங்கே பெருமளவில் மடிந்ததைப் பதிவுசெய்திருக்கிறார். அவற்றுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியைக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார். அது எந்த அளவு சரியோ, தீனியும் பராமரிப்பும் தவறினால் எவ்வளவு உயர்ந்த குதிரையும் நிலைக்காது என்பது உண்மை.

குதிரையின் வயிறு அப்படிப்பட்டது. இவ்வளவு பெரிய உடலுக்கு இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். வாந்தி எடுக்க முடியாது. பித்தப்பை இல்லை. தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அமிலத்தை ஆற்றுவது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போதுதான் சுரக்கும். நாளில் 16 மணி நேரம் மேயப் பிறந்த விலங்கை இரண்டு வேளைத் தீனியோடு நிறுத்தினால், வெறும் இரைப்பையில் அமிலம் புண் உண்டாக்குகிறது. பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளில் ஐந்தில் நான்குக்காவது இரைப்பைப் புண் இருப்பதை உள்நோக்கிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தானியமும் வெல்லமும் அளவு மீறினால் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களைக் குலைத்து, வயிற்றுவலியிலும் குளம்பு அழற்சியிலும் கொண்டுபோய் விடும். மெரினாவில் சவாரிக் குதிரைக்கு ஆசையோடு ரொட்டியையும் பிஸ்கட்டையும் நீட்டும் கைகளைப் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது.

பந்தயக் குதிரைக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 2014இல் அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்த எலிசபெத் அரசியின் எஸ்டிமேட் என்ற குதிரையின் சோதனையில் மார்ஃபின் தென்பட்டது. தீவனத்தில் கசகசாச் செடியின் கலப்பு நேர்ந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் இடமும் பரிசுத் தொகையும் போயின. வலேரியன் வேர், வில்லோ மரப்பட்டை, மிளகாய்க் காரம், கோகோ எல்லாம் இந்த வலையில் சிக்குபவை. இயற்கைப் பொருள் என்பதற்காக ஆய்வகம் விலக்குக் கொடுப்பதில்லை. மூலிகைக்கு மருந்தின் ஆற்றல் உண்டு என்று நம்பினால், மருந்துக்குரிய எச்சரிக்கையும் வேண்டும்.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? என்னைக் கேட்டால் முதலில் ஒரு பிடி குதிரைமசால். கால்நடைத் தீவனமாக நம் ஊரிலும் விளைவதுதான். அதில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுதி. இரண்டும் அமிலத்தை ஆற்றும். டென்னசி பல்கலைக்கழகத்திலும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகளில், குதிரைமசால் தின்ற குதிரைகளுக்கு வெறும் உலர்புல் தின்றவற்றைவிட இரைப்பைப் புண் குறைவாக இருந்தது. சவாரிக்கு அழைத்துப் போவதற்கு முன் கொடுத்தால், ஓட்டத்தில் அமிலம் மேலே தெறிக்காமல் அது தடுப்பாக நிற்கும்.

பண்டமாகவே செய்ய விரும்புபவர்கள், நறுக்கிய குதிரைமசாலை நீரில் நனைத்து, அன்று அரைத்த ஆளிவிதையும் ஒரு தேக்கரண்டி வெந்தயப் பொடியும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, ஊறவிடாமல் உடனே கொடுக்கலாம். வெல்லம் வேண்டாம், வெந்தயத்தின் வாசனையே போதும். குடற்புழு மருந்தையோ தாது உப்பையோ இதற்குள் வைத்துக் கொடுத்தால் முரண்டு பிடிக்காமல் தின்னும் வாய்ப்பு கூடுதல். கேரட் கொடுப்பதானால் வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் கீற வேண்டும், வட்டத் துண்டு உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். பல் தேய்ந்த கிழக் குதிரைக்கு ஆளிவிதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஊறவைத்துக் குழையக் கொடுக்க வேண்டும். சினைக் குதிரைக்கும், ஏற்கெனவே மருந்து எடுக்கும் குதிரைக்கும் எந்த மூலிகையையும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.