விழித்தெழும் கணிப்பொறி சொல்லும் செய்தி

காலையில் வீட்டுக் கணிப்பொறியின் விசையை அழுத்துகிறோம். கருந்திரையில் இரண்டு வரி ஆங்கிலம் தோன்றுகிறது. ஏதோ ஒன்று சரியில்லை என்றும், தொடர வேண்டுமானால் எஃப்-1 என்னும் விசையை அழுத்துக என்றும் அது சொல்கிறது. அழுத்துகிறோம். யந்திரம் வழக்கம்போல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மறுநாளும் அவ்வாறே. பத்து நாள் சென்றபின் அவ்வரிகளை நாம் படிப்பதே இல்லை. விரல் மட்டும் தானாக அந்த விசையைத் தேடிச் செல்கிறது. மாணவ நண்பர்களே, இப்பழக்கத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. பல கணிப்பொறிகள் அற்பக் குறைக்கும் பெருங்கேட்டுக்கும் ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள வரிகளைத்தான் காட்டுகின்றன. இரண்டுக்கும் அதே எஃப்-1 தான் வழிவிடுகிறது.

மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறி விண்டோஸ் போன்ற பெரிய மென்பொருளை நாடிச் சென்றுவிடுவதில்லை. மதர்போர்டு என வழங்கும் பெரும்பலகையில், ஒரு சிறு சில்லில் எழுதி வைத்த கட்டளைகளே முதலில் விழிக்கின்றன. அவற்றைப் பயாஸ் என்பர். புதிய யந்திரங்களில் யூஇஎஃப்ஐ என்னும் ஏற்பாடு அதன் இடத்தைப் பெற்றிருப்பினும், தொடக்கத்தில் செய்யும் சோதனை அதுவே. நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, டிஸ்க் மறுமொழி தருகிறதா என்று வரிசையாகத் தட்டிப் பார்ப்பது அதன் கடமை. 'விசைப்பலகை காணவில்லை, தொடர எஃப்-1ஐ அழுத்துக' என்று சொன்ன கணிப்பொறிகளும் உண்டு. காணாமற்போன விசைப்பலகையில் எந்த விசையை அழுத்துவது என்று அதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்!

நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் செய்திகளில் பெரும்பாலானது கடிகாரத்தைப் பற்றியது. 'நாளும் நேரமும் குறிக்கப்படவில்லை' என்றோ, 'சிமாஸ் செக்சம் பிழை' என்றோ அது வரும். 1984-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட பிசி-ஏடி என்னும் கணிப்பொறியில் 64 பைட்டு மட்டுமே கொண்ட ஒரு சிறு நினைவுச் சில்லு இருந்தது. அதில் 14 பைட்டு கடிகாரத்துக்கு. எஞ்சிய 50 பைட்டு, எந்த டிஸ்க் இணைந்துள்ளது என்பன போன்ற குறிப்புகளுக்கு. யந்திரம் உறங்கும்போது ஒரு பேட்டரி அதனைக் காத்தது. அந்த ஏற்பாட்டின் வழித்தோன்றலே இன்றும் மேசைக் கணிப்பொறிகளில் உள்ளது. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம் நேரத்தை அளக்கிறது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள். சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் கடிகாரத்தின் ஒரு நொடி.

இதற்கு உணவளிப்பது காசு போன்ற வட்டமான ஒரு பேட்டரி. அதன் பெயர் சிஆர்-2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர். புதிதாயின் 3 வோல்ட்டு தரும். சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். தளர்ந்தால் குறிப்புகள் சிதையும். சிதைந்தவற்றின் கூட்டுத்தொகை, முன்பு குறித்து வைத்த தொகையோடு ஒவ்வாது. 'செக்சம் பிழை' என்பதன் பொருள் இவ்வளவே.

இந்த நோயை அறிய ஓர் எளிய வழி உண்டு. சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காதவரை, கணிப்பொறி நிறுத்தப்பட்டிருந்தாலும் சிறிதளவு மின்சாரம் உள்ளே சென்று கடிகாரத்தைத் தாங்கும். ஆதலின், இரவில் சுவிட்சை அணைத்த மறுநாள் காலையில் செய்தி தோன்றி, பகலில் எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினும் தோன்றாவிடின், பேட்டரியையே ஐயுறலாம். நாள் தவறினால் இணையமும் முரண்டு பிடிக்கும். தளங்கள் காட்டும் அடையாளச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு; பல ஆண்டு பின்தங்கிய கடிகாரத்தின் கண்ணுக்கு அவை இன்னும் பிறவாத சான்றுகள்! இது புரியாமல் இணைய இணைப்பைப் பழிப்பவர் பலர்.

மின்கம்பியை அறவே கழற்றிவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றியபின் அதே செய்தி இன்னும் ஒருமுறை வரும், அஞ்சவேண்டாம். நாளையும் நேரத்தையும் குறித்துச் சேமித்துவிட்டால் போதும். லேப்டாப் ஆயின் இவ்வேலையைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நலம்.

'தொடங்குவதற்குரிய டிஸ்க் இல்லை' என்ற செய்தி வந்தால் முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டுப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே காரணம். பேட்டரி தளர்ந்து குறிப்புகள் அழிந்தமையால், நல்ல டிஸ்கையே கணிப்பொறி அடையாளம் காணாமற்போவதும் உண்டு. இந்நிலையில் புது டிஸ்க் வாங்கி ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

இனி, அலட்சியம் செய்யவொண்ணாத செய்திக்கு வருவோம். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். பழுதான இடங்கள் எத்தனை, அவற்றுக்கு ஈடாக எடுத்த உபரி இடங்கள் எத்தனை என்று அது கணக்கு வைக்கிறது. கணக்கு எல்லை மீறினால், 'ஸ்மார்ட் நிலை மோசம். நகலெடுத்துக்கொண்டு டிஸ்கை மாற்றுக' என்ற வரி தோன்றும். கீழே அதே எஃப்-1. எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இதைப் பேட்டரிச் செய்தி என்று கருதி, ஒரு மாதம் விசையை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒருநாள் செய்தியும் வரவில்லை, டிஸ்கும் எழவில்லை. ஓராண்டு எழுதிய ஆய்வேடு அதனுள் இருந்தது.

கூகுள் நிறுவனத்தார் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். டிஸ்க் தன் பரப்பைச் சோதிக்கையில் முதற்பிழை தென்பட்ட பின், அடுத்த 60 நாட்களுக்குள் அது கெடும் வாய்ப்பு, பிழையற்ற டிஸ்கைவிட 39 மடங்கு என்று கண்டனர். கெட்டவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அறிகுறி எதையும் காட்டாமலே கெட்டன என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே செய்தி வராமையை நலத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் ஆகாது. வந்தாலோ நாள் கடத்துதல் ஆகாது.

அச்செய்தியைக் கண்ட அன்று வேறு வேலை எதையும் தொடங்காதீர்கள். பழுது நீக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களை ஓட்டி, தளர்ந்த டிஸ்கை மேலும் வருத்தவும் வேண்டா. வேறொரு டிஸ்கை இணைத்து, நீங்களே எழுதியவற்றை முதலிலும், புகைப்படங்களை அடுத்தும் நகலெடுங்கள். திரைப்படங்களும் பாட்டுகளும் காத்திருக்கலாம். விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். அதை நகலெடுப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டுவதில்லை.