பக்கத்துக்கு வேண்டியது படத்திலேயே இருக்கிறது

கணினியில் ஆல்பப் பக்கம் செய்ய உட்காரும் பலரும் முதலில் தேடுவது பூ, ரிப்பன், பட்டாம்பூச்சி. இணையத்தில் அவை கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன; எடுத்து ஒட்டினால் பக்கம் நிறைந்துவிடும். படத்தில் இருக்கும் முகம்தான் அமுங்கிப்போகும். நிறம், கோலம், வெளிச்சம் எல்லாவற்றையும் அந்தப் படத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

மொட்டை மாடியில் அத்தை கூழ் வடகம் பிழியும் படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது. நீலச் சுங்குடிச் சேலை, விரித்த பழைய வேட்டி, வெடிப்பு ஓடிய சிமென்ட் தளம். கலர் பிக்கரால் சேலையைத் தொட்டுப் பாருங்கள். வெயில் பட்ட மடிப்பில் வெளிறிய நீலம் வரும், உள்மடிப்பில் கிட்டத்தட்டக் கறுப்பு. முதலாவது பின்னணிக்கு, இரண்டாவது எழுத்துக்கு. சுங்குடியின் சின்னப் புள்ளிகளை ஒரு பிரஷ்ஷாக மாற்றி ஓரத்தில் லேசாகத் தூவினால், கடையில் வாங்கிய எந்த அலங்காரமும் தேவைப்படாது.

அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். வழக்கமான பக்கம் 12 அங்குலச் சதுரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால், நீளம், அகலம் ஒவ்வொன்றும் 3,600 பிக்சல். 1,600 பிக்சல் அகலமுள்ள படம் இதில் 5 அங்குலத்துக்குச் சற்றுமேல்தான் வரும். இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் சுருங்கி வருவதால், அனுப்புபவரிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

இனி கலை சேரும் இடம். அதே மாடித் தளத்தை மேலிருந்து நேராகப் படமெடுத்து அடி லேயராக (அடுக்காக) போடுங்கள். அதன்மேல் அத்தையின் படம். அதற்கு ஒரு லேயர் மாஸ்க். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசிய இடம் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். படம் அழிவதில்லை, வெள்ளையைப் பூசினால் திரும்பி வந்துவிடும். சொரசொரப்பான பிரஷ்ஷால் ஓரங்களில் மட்டும் கறுப்பைத் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். படத்தின் சட்டம் கரைந்து, படத்துக்குள் இருக்கும் சிமென்ட்டும் பின்னணிச் சிமென்ட்டும் ஒன்றாகிவிடும். கைகளுக்கு அருகே மட்டும் போகாதீர்கள். அந்தப் படத்தின் உயிரே வடகம் பிழியும் அச்சைப் பிடித்த அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

அத்தை கைப்பட எழுதிய வடகக் குறிப்பு இருந்தால் பாக்கியம். அதை ஸ்கேன் செய்து மேல் லேயரில் போட்டு, பிளென்ட் மோடை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். இந்த முறை மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் பெருக்குகிறது. வெள்ளையின் மதிப்பு ஒன்று. ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. அதனால் வெள்ளைத் தாள் காணாமல்போய், மை மட்டும் தளத்தின்மேல் எழுதியதுபோல் நிற்கும். தாள் பழுப்பாக இருந்தால் லெவல்ஸில் கொஞ்சம் வெளுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒட்டும் துண்டுகளுக்குப் போடும் நிழலில் பலர் கோட்டை விடுகிறார்கள். பல மென்பொருள்களில் நிழல் தானாகவே வலப்புறம் கீழே விழும். இங்கே வெயிலோ வலப்பக்கத்தில் இருக்கிறது. நிழலை இடப்பக்கம் திருப்புங்கள். மெல்லிய தாளுக்கு ஒட்டினாற்போல் நிழல் போதும், தடித்த பொருளுக்குச் சற்று விலகி மங்கலாக.

இவ்வளவையும் ஜிம்ப், க்ரிடா போன்ற இலவச மென்பொருள்களிலேயே செய்யலாம். அச்சுக்கு ஜேபெக் எடுத்தாலும், லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஊர், ஆண்டு, படத்தில் யார் யார் என்பதைத் தனி லேயரில் எழுதுங்கள். அத்தை பார்த்துவிட்டு, “அது அந்த வருஷம் இல்லடா, அதுக்கு முந்தின கோடை” என்றால் அந்த ஒரு வரியை மட்டும் திருத்தினால் போதும்.